டெஸ்ட் லைப்ரரி தொடங்கச் சுணங்கினால் அது பெரிய விசயமோ?

தாவடி (கேள்வி):

வணக்கம். யாழ்ப்பாணத்திலை இருந்து ஜாங்கோவிலை (பைதனிலை வெப் அப் கட்டுற பிரேம்வேர்க்) ஒரு ப்ரொஜெக்ட் செய்யிற சின்னக் குழு நாங்கள். பைதன் 3.12. டெஸ்ட் எல்லாம் இப்ப பைதனோடை வாற யூனிட்டெஸ்டிலைதான் இருக்கு. மொத்தம் 900 டெஸ்ட், முழுக்க ஓட ஆறு நிமிசம். பைடெஸ்ட் எண்ட வெளி டெஸ்ட் லைப்ரரிக்கு மாறுவம் எண்டு கதை நடக்குது. பிக்ஸர் (டெஸ்டுக்கு வேண்டியதை ஆயத்தம் செய்து குடுக்கிற பங்ஷன்), பராமெட்ரைஸ் (ஒரே டெஸ்டைப் பல தரவோடை ஓட்டுறது), பிழைச்ச இடத்திலை ரெண்டு பக்கத்துப் பெறுமதியையும் விரிச்சுக் காட்டுறது, இதெல்லாம் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு.

பிரச்சினை தொடங்கிற நேரம். ஒரேயொரு அசேர்ட் (முடிவு சரியோ எண்டு பாக்கிற வரி) மட்டும் இருக்கிற பைலை யூனிட்டெஸ்டாலை ஓட்டினா கால் செக்கனுக்குள்ளை முடியுது. அதே பைலைப் பைடெஸ்டாலை ஓட்டினா மூண்டு செக்கனுக்குக் கிட்டப் போகுது. ஆனா பைடெஸ்ட் தன்ரை கடைசி வரியிலை 0.04 செக்கன் எண்டு காட்டுது. எது சரி எண்டு விளங்கேல்லை.

குழுவிலை ரெண்டு கருத்து. ஆறு நிமிச ஓட்டத்திலை மூண்டு செக்கன் ஒரு கணக்கோ எண்டு ஒரு பக்கம். நாள் முழுக்க ஒரு டெஸ்டைத்தானே திருப்பித் திருப்பி ஓட்டுறம், அங்கை மூண்டு செக்கன் கனக்க எண்டு மற்றப் பக்கம். பாதிப் பேரிட்டை 8 ஜிபி ரம் உள்ள பழைய லப்டொப், சிலதிலை இன்னும் ஹார்ட் டிஸ்க். ரெண்டு பேர் விண்டோஸ். இதுக்காகப் பைடெஸ்டை வேண்டாம் எண்டு விடலாமோ, இல்லாட்டி குறைக்க வழி இருக்கோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

அரியாலை:

முதல் அந்த ரெண்டு நேரத்தையும் பிரிச்சுப் பாப்பம், தம்பி. பைடெஸ்ட் காட்டுற 0.04 அதன்ரை செஷன் தொடங்கின நேரத்திலை இருந்து எண்ணுறது. அதுக்கு முன்னமே பைதன் எழும்பி, பைடெஸ்டை இம்போர்ட் செய்து, பிளகின் (வசதி கூட்டுற துணை லைப்ரரி) எல்லாம் ஏத்தி, மேல் மட்டத்துக் கொன்ஃப்டெஸ்ட் பைலையும் (டெஸ்டுகளுக்குப் பொதுவான அமைப்பு உள்ள பைல்) வாசிச்சு முடிச்சிடும். அந்த நேரம் ஒண்டும் அந்த வரியிலை வராது. ஷெல்லின்ரை ‘டைம்’ கட்டளை காட்டுற ‘ரியல்’தான் நீங்கள் காத்திருக்கிற நேரம். அதை அளவுங்கோ.

அடுத்தது, உங்கடை ஒப்பீடு சரிக்குச் சரி இல்லை. வெறும் யூனிட்டெஸ்ட் ஜாங்கோவைத் தொடவேயில்லை. பைடெஸ்ட்-ஜாங்கோ பிளகின் அப்பிடியில்லை. செட்டிங்ஸ் மொடியூலைக் குறிச்சு வைச்சிருந்தா, டெஸ்ட் ஜாங்கோவைப் பாவிச்சாலும் பாவிக்காட்டிலும் அது ஜாங்கோ செட்டப்பை நடத்தும். இன்ஸ்டோல்ட் அப்ஸ் பட்டியலிலை உள்ள ஒவ்வொரு அப்பின்ரை மொடல் பைலும் (டேட்டாபேஸ் டேபிள்களை விபரிக்கிறது) இம்போர்ட் ஆகும். நீங்கள் ஒப்பிட வேண்டியது ஜாங்கோவின்ரை ‘மனேஜ்.பை டெஸ்ட்’ கட்டளையோடை. அதைக் கழிச்சு மிஞ்சிறதுதான் பைடெஸ்ட் தனக்கெண்டு எடுக்கிற நேரம்.

படிப்படியா அளந்தா எங்கை சுணங்குது எண்டு வடிவாத் தெரியும். ப்ரொஜெக்டுக்கு வெளியிலை ஒரு வெறும் போல்டரிலை ஒரு டெஸ்ட் பைல் வைச்சு, ‘பைடெஸ்ட்_டிசேபிள்_பிளகின்_ஓட்டோலோட்’ எண்ட சூழல் மாறிக்கு 1 குடுத்து ஓட்டுங்கோ. இது வெறும் பைடெஸ்ட். பேந்து அந்த மாறியை எடுத்திட்டு ஓட்டுங்கோ. கூடினது பிளகின்களின்ரை பங்கு. பேந்து ப்ரொஜெக்ட் போல்டருக்குள்ளை போய், அந்த ஒரு பைலை மட்டும் குடுத்து ‘--கலெக்ட்-ஒன்லி’ (டெஸ்டைத் திரட்டும், ஓட்டாது) போடுங்கோ. இதிலை கூடினது உங்கடை கொன்ஃப்டெஸ்டும் அப்பும். ஒரு தரம் ஓட்டிப் பாத்து முடிவெடுக்க வேண்டாம். முதல் ஓட்டம் டிஸ்கிலை இருந்து வாசிக்கும், ரெண்டாவது ஓட்டம் ரம்மிலை கிடக்கிற கேஷிலை இருந்து வாசிக்கும். ஹார்ட் டிஸ்க் உள்ள லப்டொப்பிலை ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஹைப்பர்ஃபைன் எண்ட கருவி தானாவே குறைஞ்சது பத்துத் தரம் ஓட்டிச் சராசரி தரும். ‘--வோர்ம்அப் 3’ குடுத்தா முன்னுக்கு மூண்டு தரம் ஓட்டிப்போட்டு, அதைக் கணக்கிலை சேர்க்காது.

குற்றவாளி எந்த மொடியூல் எண்டு பிடிக்க ‘பைதன் -எக்ஸ் இம்போர்ட்டைம் -எம் பைடெஸ்ட்’ எண்டு ஓட்டுங்கோ. பைதன் 3.7இலை இருந்து இந்த வசதி இருக்கு. வெளியீடு ஸ்டாண்டர்ட் எரரிலை வரும், அதாலை ‘2>’ போட்டு ஒரு பைலுக்குள்ளை விடுங்கோ. மூண்டு நிரல் (கொலம்) இருக்கும்: அந்த மொடியூல் தனியா எடுத்த நேரம், அது இழுத்துக்கொண்டு வந்ததுகளையும் சேர்த்த நேரம், பெயர். எல்லாம் மைக்ரோசெக்கன். ரெண்டாவது நிரலாலை அடுக்குங்கோ. முதலாவதாலை அடுக்கினா ஏமாறுவியள். பண்டாஸ் (தரவு அலசுற பெரிய லைப்ரரி) மாதிரி ஒண்டு நூற்றுக்கணக்கான சின்ன மொடியூலாப் பிரிஞ்சு கிடக்கும், ஒண்டும் தனியப் பெரிசாத் தெரியாது. இன்னொண்டு, உள்ளுக்குள்ளை இழுபட்ட மொடியூல் முதல் அச்சாகும், இழுத்தது அதுக்குக் கீழை வரும். வரிசையைத் தலைகீழா வாசிக்கப் பழகுங்கோ. படமாப் பாக்க வேணுமெண்டா அந்தப் பைலை டூனா எண்ட கருவிக்குக் குடுங்கோ.

பண்ணைப்பாலம்:

அளக்கும் முறையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ‘ஆறு நிமிடத்தில் மூன்று செக்கன்’ என்ற கணக்கே பிழையான இடத்தில் தொடங்குகிறது. அந்தத் தொடக்கம் எத்தனை தடவை நடக்கிறது என்பதுதான் கேள்வி. எத்தனை ப்ரொசஸ் (தனியாக ஓடும் புரோகிராம்) எழும்புகிறதோ அத்தனை தடவை அந்தச் செலவு.

பைடெஸ்ட் 900 டெஸ்டையும் ஒரே ப்ரொசஸில் ஓட்டும், ஆகவே ஒரே ஒரு தடவை. பெர்ல் மொழியில் நிலைமை வேறு. அங்கே ‘ப்ரூவ்’ கட்டளை ஒவ்வொரு டெஸ்ட் பைலுக்கும் புதிதாக ஒரு பெர்லைத் தொடக்கும். 500 பைல் இருந்து, டெஸ்ட் லைப்ரரி பைலொன்றுக்கு 100 மில்லிசெக்கன் கூட எடுத்தால் 50 செக்கன். ‘-ஜே 4’ போட்டு நான்கு கோருக்குப் பகிர்ந்தாலும் 12 செக்கனுக்கு மேல். அதே 100 மில்லிசெக்கன் பைடெஸ்டில் கூடினால் ஒருவருக்கும் தெரியாது. நோட் (ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் தளம்) உடன் வரும் டெஸ்ட் ரன்னரும் இயல்பாகப் பைலுக்கு ஒரு ப்ரொசஸ் தொடக்கும். ஜெஸ்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் டெஸ்ட் லைப்ரரி தன் வேர்க்கர்களை (டெஸ்ட் ஓட்டும் துணை ப்ரொசஸ்கள்) திரும்பப் பாவித்தாலும், ஒவ்வொரு டெஸ்ட் பைலுக்கும் மொடியூல் பதிவேட்டைப் புதிதாகத் தொடங்கும். 200 பைல் ஒரு பெரிய லைப்ரரியை இம்போர்ட் செய்தால் அந்த லைப்ரரியின் தொடக்கக் கோடு 200 தடவை ஓடும். வைடெஸ்ட் என்ற இன்னொரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் ‘--நோ-ஐசொலேட்’ கொடுத்து இதைத் தவிர்க்கலாம். ஆனால் ஒரு பைல் மாற்றிவிட்ட குளோபல் நிலை அடுத்த பைலுக்குள் கசியும். தனியே ஓடும்போது சரிவந்து, கூட ஓடும்போது பிழைக்கும் டெஸ்டுகள் அங்கிருந்துதான் பிறக்கின்றன.

பைதனில் இந்தப் பெருக்கல் வேறு இடங்களில் இருக்கிறது. டெஸ்டுகளைச் சமாந்தரமாக ஓட்டும் எக்ஸ்டிஸ்ட் பிளகினில் ‘-என் 8’ என்றால் எட்டு வேர்க்கரும் எட்டுத் தனிப் பைதன். ஒவ்வொன்றும் எல்லாவற்றையும் இம்போர்ட் செய்து, முழு டெஸ்ட் பட்டியலையும் தானே திரட்டும். கோர் போதுமானால் அது ஒரே நேரத்தில் நடந்து முடியும். இரண்டு கோரும் 8 ஜிபி ரம்மும் உள்ள லப்டொப்பில் எட்டுப் பிரதிகள் ஒன்றையொன்று நெருக்கும். ஸ்வப் (ரம் நிரம்பி டிஸ்கைப் பாவிப்பது) தொடங்கிவிட்டால் சமாந்தரமாக ஓட்டியதன் பலன் முழுவதும் போய்விடும். உங்கள் பழைய லப்டொப்புகளில் ‘-என் 2’ஐத் தாண்ட வேண்டாம், ஒற்றை டெஸ்டுக்கு அதையும் நிறுத்துங்கள். ம்யூட்டேஷன் டெஸ்டிங் (கோடை வேண்டுமென்றே மாற்றி, டெஸ்ட் அதைப் பிடிக்கிறதா என்று பார்ப்பது) செய்ய நினைத்தால் இன்னும் கவனம். கொஸ்மிக் ரே போன்ற கருவி ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெஸ்ட் கட்டளையைத் திரும்பத் தொடக்கும். 1000 மாற்றத்துக்கு 3 செக்கன் வீதம் 50 நிமிடம், ஒரு டெஸ்டும் ஓடுவதற்கு முன்னரே.

சிஐயில் (கோடு மாறும்போது சேர்வரில் தானாக டெஸ்ட் ஓட்டுவது) இந்த மூன்று செக்கனை மறந்துவிடலாம். கொன்டெய்னர் (அப்பும் லைப்ரரிகளும் அடங்கிய பெட்டி) எழும்புவதும் பிப் (பைதன் இன்ஸ்டோலர்) லைப்ரரிகளை இறக்குவதும் அதைவிடப் பல மடங்கு. கிட்ஹப் அக்ஷன்ஸ் என்ற சிஐ சேவை ஒவ்வொரு ஜொப்பையும் மேல்நோக்கி முழு நிமிடமாக்கிக் கணக்கெடுக்கிறது. அங்கே முதல் வேலை பிப் கேஷைச் சரிசெய்வது, அடுத்தது ‘--டுரேஷன்ஸ்=10’ கொடுத்து மிக மெதுவான பத்து டெஸ்டைப் பார்ப்பது.

கையால் ஒரு டெஸ்டைத் திரும்பத் திரும்ப ஓட்டும் ஆளுக்கு மூன்று செக்கனும் முழுச் செலவு. என் அளவுகோல் இதுதான்: ஒற்றை டெஸ்ட், கட்டளை கொடுத்ததிலிருந்து முடிவு வரும்வரை, ஒரு செக்கனுக்குக் கிட்ட வரவேண்டும். அதற்காக உழைப்பது தகும். அதற்காக பைடெஸ்டையே கைவிடுவது தகாது. அசேர்ட் பிழைக்கும்போது அது காட்டும் விபரம் சேமித்துத்தரும் நேரம் இதைவிடப் பெரிது.

தாவடி:

நன்றி அண்ணையவை. சொன்ன மாதிரி அளந்து பாத்தம். வெறும் பைடெஸ்டும் பிளகினும் சேர்ந்து அரைச் செக்கனுக்குக் கிட்ட. மிச்சம் முழுக்க எங்கடை பக்கம். அறிக்கை தயாரிக்கிற ஒரு பைல் பண்டாஸை மேல் வரியிலை இம்போர்ட் செய்யுது, அதை மொடல் பைல் ஒண்டு இழுக்குது. கொன்ஃப்டெஸ்ட் போட்டோ3யையும் (அமேசன் கிளவுட் லைப்ரரி) ஃபேக்கரையும் (பொய்த் தரவு ஆக்கிற லைப்ரரி) இழுக்குது. ‘அட்ஒப்ட்ஸ்’ வரியிலை (பைடெஸ்டுக்கு எப்பவும் சேர்க்கிற தெரிவுகள்) ‘--கொவ்’ (டெஸ்ட் கோடின்ரை எந்த வரிகளை ஓட்டுது எண்டு அளக்கிறது) இருக்கு. இன்னும் ரெண்டு விசயம் விளங்கேல்லை. டொக்கருக்குள்ளை (கொன்டெய்னர் ஓட்டுற கருவி) ஓட்டினா ரெண்டாம் தரம், மூண்டாம் தரமும் முதல் தரம் மாதிரியே சுணங்குது. விண்டோஸ் லப்டொப் ரெண்டும் மற்றதுகளை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு எடுக்குது.

அரியாலை:

‘--கொவ்’ஐ அட்ஒப்ட்ஸிலை இருந்து எடுத்திட்டு, சிஐ கட்டளையிலை மட்டும் போடுங்கோ. அது இருக்கும் வரைக்கும் ஒரு வரி டெஸ்டுக்கும் முழு அப்பின்ரை இம்போர்ட்டும் வரி வரியாத் தடம் பிடிக்கப்படும், முடிவிலை அறிக்கையும் எழுதப்படும்.

பண்டாஸ் இம்போர்ட்டை அறிக்கை தயாரிக்கிற பங்ஷனுக்குள்ளை இறக்குங்கோ. போட்டோ3யைக் கொன்ஃப்டெஸ்டின்ரை மேலை இருந்து எடுத்து, அதைக் குடுக்கிற பிக்ஸருக்குள்ளை வையுங்கோ. கேக்கிற டெஸ்ட் மட்டும் அந்த விலையைக் குடுக்கும். இதை எல்லா இம்போர்ட்டுக்கும் செய்யப்படாது. பங்ஷனுக்குள்ளை இருக்கிற இம்போர்ட் பிழைச்சா, அந்தப் பங்ஷன் ஓடுற நேரம்தான் தெரியவரும். மேலை இருந்தா சேர்வர் எழும்பேக்கையே தெரியும். இம்போர்ட்டைம் பட்டியலிலை மேலை நிக்கிற மூண்டு நாலோடை நிப்பாட்டுங்கோ. நல்ல லைப்ரரிக்காரரே இப்பிடித்தான் செய்யினம். ஹைப்போதிசிஸ் எண்ட டெஸ்ட் லைப்ரரி தன்ரை பைடெஸ்ட் பிளகினைத் தனிச் சின்ன மொடியூலா வைச்சிருக்கு. டெஸ்ட் ஹைப்போதிசிஸைக் கேக்கும் வரைக்கும் பெரிய லைப்ரரி ஏறாது.

டொக்கர் விசயத்துக்கு டொக்கர்பைலைப் பாருங்கோ. ‘பைதன்டோன்ட்ரைட்பைட்கோட்=1’ எண்டு ஒரு வரி இருக்கும், ஜாங்கோ மாதிரிகளிலை இதைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாரும் போடுகினம். அது இருந்தா பைதன் .பிவைசி பைல் (கொம்பைல் ஆன பைட்கோட்) எழுதாது. பைடெஸ்ட் ஒவ்வொரு டெஸ்ட் பைலிலையும் அசேர்ட் வரிகளைத் திருப்பி எழுதி, அதையும் .பிவைசியாச் சேமிச்சு வைக்கும். இந்த மாறி இருந்தா அதையும் சேமிக்காது. ஒவ்வொரு தரமும் முதலிலை இருந்து. டெஸ்ட் ஓட்டுற இமேஜிலை அந்த வரியை எடுத்து விடுங்கோ. யூவி (பிப்புக்குப் பதிலான இன்ஸ்டோலர்) பாவிச்சு இன்ஸ்டோல் செய்யிறியளெண்டா இன்னொரு பொறி இருக்கு: பிப் இன்ஸ்டோல் செய்யேக்கை பைட்கோட் ஆக்கி வைக்கும், யூவி இயல்பா ஆக்காது. ‘யூவி_கொம்பைல்_பைட்கோட்=1’ குடுக்காட்டில், ஜாங்கோ உட்பட எல்லா லைப்ரரியும் கொன்டெய்னர் எழும்புற ஒவ்வொரு தரமும் கொம்பைல் ஆகும்.

விண்டோஸிலை டிஃபெண்டர் (வைரஸ் காவல்) ஒவ்வொரு சின்னப் பைலையும் திறக்கேக்கை பரிசோதிக்கும், இம்போர்ட் எண்டா ஆயிரக்கணக்கான சின்னப் பைல்தானே. விண்டோஸ் 11 எண்டா டெவ் டிரைவ் (கோடு வைக்கிறதுக்கெண்ட தனி டிரைவ்) ஒண்டு உண்டாக்கி ப்ரொஜெக்டையும் வெர்ச்சுவல் என்வையும் (ப்ரொஜெக்டுக்கெண்ட லைப்ரரி போல்டர்) அதிலை வையுங்கோ. டபிள்யூஎஸ்எல்2 (விண்டோஸுக்குள்ளை லினக்ஸ்) எண்டா கோடு லினக்ஸ் ஹோம் போல்டருக்குள்ளை இருக்கவேணும். சி டிரைவை மவுண்ட் செய்து அதிலை இருந்து ஓட்டினா, ஒவ்வொரு பைல் வாசிப்பும் ரெண்டு இயங்குதளத்துக்கு நடுவிலை போய் வரும்.

கீரிமலை:

ரெண்டு பேரும் இம்போர்ட்டைப் பற்றித்தான் கதைக்கிறியள். தாவடி ஓட்டின அந்த ஒற்றை அசேர்ட் டேட்டாபேஸைக் கேக்கேல்லை. அதாலை பைடெஸ்ட்-ஜாங்கோ டேட்டாபேஸை உண்டாக்கவேயில்லை. டேட்டாபேஸ் கேக்கிற ஒரு டெஸ்டை ஓட்டிப் பாருங்கோ தம்பி. மைக்ரேஷன் (டேட்டாபேஸ் டேபிள்களை மாத்திற படிகள்) கனக்க இருந்தா இந்த மூண்டு செக்கன் அதுக்குப் பக்கத்திலை ஒண்டுமில்லாமல் போகும்.

‘--ரீயூஸ்-டிபி’ போட்டா முதல் ஓட்டத்திலை உண்டாக்கின டேட்டாபேஸ் அப்பிடியே நிக்கும். மொடலோ மைக்ரேஷனோ மாறினா அது தானா உணராது. அந்த நேரம் ஒரு தரம் ‘--க்ரியேட்-டிபி’ குடுக்கவேணும், இல்லாட்டி டேபிளிலை இல்லாத நிரலைத் தேடிப் பிழை வரும். ஆக்கள் இந்த இடத்திலைதான் மினக்கெடுறது, பிழை மொடலிலை எண்டு நினைச்சுத் தேடிக்கொண்டிருப்பினம். ‘--நோ-மைக்ரேஷன்ஸ்’ குடுத்தா மொடலிலை இருந்து நேரடியா டேபிள் உண்டாகும், கெதியா முடியும். ஆனா மைக்ரேஷனுக்குள்ளை பைதன் கோடாலை போட்ட ஆரம்பத் தரவு, உதாரணமா மாவட்டப் பட்டியல், பயனர் குழு, ஒண்டும் இருக்காது. லப்டொப்பிலை இதைப் பாவிச்சு, சிஐயிலை முழு மைக்ரேஷனையும் ஓட விடுங்கோ.

இன்னொண்டு: அமைப்புப் பைலிலை ‘டெஸ்ட்பாத்ஸ்’ குறிச்சு விடுங்கோ. அது இல்லாட்டி வெறும் ‘பைடெஸ்ட்’ எண்டு அடிக்கேக்கை, பயனர் ஏத்தின படம் கிடக்கிற மீடியா போல்டர் வரைக்கும் அது இறங்கித் தேடும். நோட் மொடியூல்ஸ் போல்டரைத் தானாவே விலத்தும், மீடியாவை விலத்தாது.

பிளகின் ஓட்டோலோடை நிரந்தரமா நிப்பாட்டிப்போட்டு, வேண்டியதை மட்டும் ‘-பி’ குடுத்து ஏத்தலாம். கனக்கப் பிளகின் உள்ள என்விலை இதாலை பலன் இருக்கு, ஏனெண்டா வேண்டாத பிளகின் இம்போர்ட் ஆகாது. ஃபேக்கர், எனிஐஓ மாதிரிச் சிலது நீங்கள் கேக்காமலே பிளகின் கொண்டு வரும். ஆனா உங்களுக்கு அது அரைச் செக்கனுக்குள்ளை எண்டா நான் தொடமாட்டன். அசிங்க் (காத்திருக்கேக்கை வேறை வேலை பாக்கிற பங்ஷன்) டெஸ்ட் இருந்து, அதுக்கான பிளகினைப் பட்டியலிலை விட்டிட்டியளெண்டா, பைடெஸ்ட் 8.4க்கு முந்தின பதிப்புகள் அந்த டெஸ்டுகளை ஒரு எச்சரிக்கையோடை தாண்டிப் போகும். முடிவு பச்சையாத்தான் வரும், டெஸ்ட் ஓடியிருக்காது. 8.4இலை இருந்து பிழை எண்டு நிக்கும்.

தாவடி:

நன்றி அக்கா, டேட்டாபேஸ் பக்கம் யோசிக்கவேயில்லை. ஒரு கேள்வி: எல்லாத்தையும் ஏத்தின ஒரு ப்ரொசஸை உயிரோடை வைச்சு, ஒவ்வொரு தரமும் அதிலை இருந்து பொர்க் (ஓடுற ப்ரொசஸின்ரை பிரதி எடுக்கிறது) செய்து டெஸ்ட் ஓட்டினா தொடக்கச் செலவே இருக்காதே?

பண்ணைப்பாலம்:

இருக்காது. பெர்லில் யாத் என்ற ரன்னர் இதற்காகவே ப்ரீலோட் வசதி வைத்திருக்கிறது. பைலுக்கு ஒரு ப்ரொசஸ் என்ற இடத்தில் அது பெரிய சேமிப்பு. உங்கள் நிலைமையில் நான்கு தடைகள். விண்டோஸில் பொர்க் இல்லை, ஆகவே இரண்டு பேருக்குப் பயனில்லை. பொர்க் செய்யும் நேரம் டேட்டாபேஸ் இணைப்புத் திறந்திருந்தால் தாயும் பிள்ளையும் ஒரே சொக்கெட்டில் எழுதும், பதில்கள் மாறிப்போகும். பொர்க்குக்கு முன் ஜாங்கோவின் இணைப்புகளை எல்லாம் மூட வேண்டும். திரெட் (ப்ரொசஸுக்குள் சமாந்தரமாக ஓடும் வேலை) ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அது பிள்ளைக்குள் வராது, அது பிடித்திருந்த லொக் மட்டும் பூட்டியபடி வரும், டெஸ்ட் அப்படியே உறைந்து நிற்கும். நான்காவது, ஏற்றிவைத்த கோடை நீங்கள் மாற்றினால் அந்த ப்ரொசஸுக்குத் தெரியாது. ஆகவே மாறாத வெளி லைப்ரரிகளை மட்டும் ஏற்றி வைக்கலாம், உங்கள் அப்பை அல்ல. பண்டாஸை இறக்கி, டொக்கர் மாறியை எடுத்த பிறகு திரும்ப அளந்து பாருங்கள். அதற்குப் பிறகும் ஒரு செக்கனை நன்றாகத் தாண்டினால் மட்டும் இதை யோசிக்கலாம்.

அரியாலை:

குறைச்சதைக் காப்பாத்த ஒரு டெஸ்டும் எழுதி விடுங்கோ. இல்லாட்டி ஆராவது ஒராள் பண்டாஸைத் திருப்பி மேல் வரிக்குக் கொண்டு வருவார், ஒருத்தருக்கும் தெரியாது. நேரத்தை அளந்து ‘ஒரு செக்கனுக்கு மேலை போனாப் பிழை’ எண்டு எழுத வேண்டாம். சிஐ மெஷின் கணத்துக்குக் கணம் வேகம் மாறும், காரணமில்லாமல் பிழைக்கும். அதுக்குப் பதிலா, சப்ப்ரொசஸாலை ஒரு புதுப் பைதனைத் தொடக்கி, அதுக்குள்ளை ஜாங்கோ செட்டப்பை மட்டும் நடத்தி, பேந்து ‘சிஸ்.மொடியூல்ஸ்’ அகராதியிலை பண்டாஸும் போட்டோ3யும் இல்லை எண்டு பாருங்கோ. ஓடிக்கொண்டிருக்கிற அதே ப்ரொசஸிலை பாக்கக்கூடாது. முதல் ஓடின வேறை டெஸ்ட் பண்டாஸை ஏத்தியிருக்கும், வரிசை மாறினா முடிவும் மாறும்.